மலையகப் பிள்ளைகள் ஏன் பாடசாலையை விட்டு நிற்கிறார்கள்?

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் மட்டக்களப்பு டீச்சர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சேர், பாடநூல் இலவசம், சீருடை இலவசம், கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் என் ஒன்பதாம் தர வகுப்பில் 34 பேர் பதிவில் இருக்க, 24, 25 பேர்தான் வருகிறார்கள். ஒரு பையன் மூன்று வாரமாக இல்லை. மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறானாம். அதிபர் வறுமை என்கிறார். கூட இருக்கும் சிலர், தாய் தகப்பனுக்கு அக்கறை இல்லை என்கிறார்கள். இலவசக் கல்வி உள்ள நாட்டில் வறுமை எப்படி ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும்? நான் என்ன செய்ய வேண்டும்?”

டீச்சர், முதலில் அந்த அக்கறைப் பேச்சை முடித்துவிடுவோம். நான் டிக்கோயாப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். 33 வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றேன். பிள்ளை படிக்கத் தேவையில்லை என்று மனதார நினைத்த தாயை அத்தனை வருடத்தில் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிற வருடம், சீட்டுப் பிடித்த காசை அப்படியே டியூஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தாய்மார்தான் அதிகம். “நாங்கதான் இந்தக் கூடையோட கெடக்கிறோம், இதாவது தப்பட்டும் சேர்” என்ற பேச்சை நான் கேட்காத லயம் இல்லை. அதனால், அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால், அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வந்து பேசுங்கள் என்று சொல்லுங்கள்.

ஆனால் “வறுமை” என்று ஒரே சொல்லில் முடிப்பதும் போதாது. அந்தச் சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் நீங்கள் ஏதாவது செய்ய முடியும். தெரிந்துகொள்ள வெளியே எங்கும் போக வேண்டாம். உங்கள் வரவுப் பதிவேட்டை எடுங்கள். அந்தப் பையனின் வரியில் இந்த மூன்று வாரத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். போன வருடத்துப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஏழாம் தரத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் இல்லை, எட்டாம் தரத்தில் ஐந்தாறு நாள், ஜூன் ஜூலை மழையில் பத்து நாள். பிறகுதான் இந்த மூன்று வாரம். தோட்டத்துப் பிள்ளை ஒரே நாளில் பாடசாலையை விட்டு நிற்பது மிகக் குறைவு. நாள் நாளாக நிற்கிறது. வறுமை எடுத்துக்கொள்வது அந்த நாட்களைத்தான். இடைவிலகல் என்று நாம் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கணக்குக் கொடுக்கும்போது, நாட்கள் எல்லாம் போய் முடிந்து வெறும் பெயர் மட்டுமே மிச்சம் இருக்கும்.

அந்த நாட்கள் எப்படிப் போகின்றன என்று சொல்கிறேன்.

மழையிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு இது புதிதாக இருக்கும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவ மழை பிடித்தால் ஹட்டன், லிந்துலை, பொகவந்தலாவைப் பக்கம் ஓகஸ்ட், செப்டெம்பர் வரை விடாது. வெயிலைக் காணாமலே ஒரு வாரம் போகும். அரசாங்கம் 1993இலிருந்து சீருடைத் துணி தருகிறது. அது ஒரு உடுப்புக்குத்தான் காணும். தையல் கூலி வீட்டுப் பொறுப்பு. இரண்டாவது உடுப்பு வாங்க முடிந்த வீட்டில், ஒன்று காயும்போது மற்றதைப் போடுவார்கள். ஒன்றே ஒன்று உள்ள பிள்ளை இரவில் அதைத் தோய்த்து, விறகடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போடும். விடியும்போது முக்கால்வாசி காய்ந்திருக்கும், முழுக்கப் புகை மணக்கும். டவுன் பாடசாலைக்குப் போகிற பிள்ளை என்றால், பக்கத்தில் இருக்கிற பிள்ளை மூக்கைப் பொத்தும். ஒருமுறை அப்படி நடந்தால் போதும், அடுத்த மழை நாளில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும்.

சப்பாத்தும் அப்படித்தான். அரசாங்கத்தின் சப்பாத்து வவுச்சர் கிடைத்தாலும் ஒரு சோடிதான். தேயிலை மலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் மூன்று கிலோமீற்றர் இறங்கி வருகிற வெள்ளைச் சப்பாத்து ஏழரை மணிக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அட்டைக்கடி வேறு. சப்பாத்து அழுக்கென்று வாசலிலேயே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய ஒரு அதிபரிடம் நான் வேலை செய்தேன். ஒழுக்கம் வேண்டும் என்று உண்மையாக நம்பியவர், கெட்டவர் இல்லை. அந்த வருடம் ஜூலை மாத வரவு விழுந்ததற்கு மழையைவிட அந்த வாசல்தான் காரணம் என்று அவரிடமே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது தாயின் பேர். பேர் என்றால் என்னவென்று இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவில், விழுகிற ஒரு நாள் சம்பளம். காலையில் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். பிந்தினால் வேலை இல்லை. தோட்டம் கேட்கிற கிலோ, 18 என்றோ 20 என்றோ இடத்துக்கு இடம் மாறும், அது நிறையாவிட்டால் அரைப் பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் 20 நாள் வேலை கிடைத்த மாதத்தைக் கணக்குப் பார்ப்போம். மொத்தம் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா போனால் 24,840. அதிலிருந்து தீபாவளி முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு எல்லாம் வெட்டுப்படும். மிஞ்சுவதில்தான் ஐந்தாறு பேர் ஒரு மாதம் சாப்பிட வேண்டும். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா வரவுக் கொடுப்பனவாகச் சேர்த்துத் தரும் என்று அறிவித்தார்கள். அது வேண்டும், இன்னும் கூடவும் வேண்டும்.

இப்போது அந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். காய்ச்சல் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், விட முடியாது. தாய் நின்றால் ஒரு பேர் போகும். மூத்த மகள் நின்றால் எதுவும் போகாது, அன்றைக்கு எதுவும் போனதாகத் தெரியாது. தாயின் ஒரு நாள் வரவுக்கு இவ்வளவு ரூபா என்று விலை இருக்கிறது. பிள்ளையின் ஒரு நாள் வரவுக்கு யாரும் விலை போடவில்லை. இந்தக் கணக்கில் ஒவ்வொரு தடவையும் பிள்ளைதான் நிற்கும். அந்தத் தாயைக் கணக்குத் தெரியாதவள் என்று நினைக்காதீர்கள். கையில் ஒரு சதமும் மேலதிகமாக இல்லாத ஒருத்தி போடக்கூடிய சரியான கணக்கு அதுதான்.

அதனால்தான் பதிவேட்டில் பெண் பிள்ளைகளின் வரியும் ஆண் பிள்ளைகளின் வரியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெண் பிள்ளைக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று சேர்ந்தாற்போல் வெற்றிடம் விழும். கேட்டுப் பார்த்தால் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும், அல்லது கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டிய பாட்டி இருப்பார். தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போயிருந்தால் அந்த வீட்டுக்கே அவள்தான் தாய். இன்னொன்றையும் ஒரு பெண் ஆசிரியையாக நீங்கள்தான் கவனிக்க முடியும்: மாதத்தில் அதே நாட்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பாடசாலைக்கு அந்த நாட்களில் எந்தப் பெண் பிள்ளையும் வராது. ஆண் ஆசிரியராக நான் அதைப் பல வருடம் பார்க்கத் தவறினேன். ஆண் பிள்ளைக்கு விழுவது ஒற்றை நாட்கள். உருளைக்கிழங்கு கிண்டுகிற நாள், லீக்ஸ் பிடுங்கிக் கட்டுகிற நாள், விறகுக்குப் போகிற நாள். அந்த ஒற்றை நாளுக்குக் கையில் காசு கிடைக்கும். அதுதான் பிறகு அவனை இழுக்கும்.

அப்புறம் ஜனவரி. பாடசாலை வருடம் மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. கொப்பி, பேக், சப்பாத்து, தையல் கூலி, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசு எல்லாம் ஒரே மாதத்தில். நம் பக்கத்து மலைகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சி. நுவரெலியாப் பக்கம் பனி கொட்டிக் கொழுந்து கருகிப்போகும். கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும். தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் மாதாமாதம் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். நடுவில் தைப்பொங்கல். ஆக, வீட்டில் காசு மிகக் குறைவாக இருக்கிற நேரத்தில்தான் பாடசாலை மிக அதிகமாகக் கேட்கிறது. 2025 தொடக்கத்தில் பாடசாலை உபகரணங்களுக்கென்று அரசாங்கம் ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபா கொடுத்தபோது அது ஏன் அவ்வளவு உதவியாக இருந்தது என்றால், வந்த மாதம் சரியான மாதம். அதே காசு ஜூனில் வந்திருந்தால் கடனுக்குப் போயிருக்கும்.

பசியைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். 2019 வீட்டு வருமான செலவு ஆய்வில், நாடு முழுவதற்கும் 14.3 வீதமான பேர் வறுமையில் இருந்தபோது தோட்டப்புறத்தில் அது 33.8 வீதம். நகரத்தில் 6. 2016இல் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். அன்று அளந்த பிள்ளைகள்தான் இன்று உங்கள் பாடசாலையின் நடு வகுப்புகளில் இருக்கிறார்கள், டீச்சர். காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும்போது ஒரு தடவை பார்த்தாலே தெரியும். காலையில் ஒரு ரொட்டித் துண்டும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டு மலை இறங்கி வருகிற பிள்ளைக்குப் பத்து மணிக்கு மேல் கரும்பலகை மங்கும். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்காதீர்கள்.

2024இல் பாடசாலை உணவுத் திட்டத்தை ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரித்தார்கள். உணவு கிடைக்கிற நாளில் சின்ன வகுப்புகளின் வரவு ஏறுவதை எந்தத் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சொல்வார். ஆனால் அது ஐந்தாம் தரத்தோடு நிற்கிறது. மலையகத்தில் ஐந்தாம் தரத்தோடு நிற்பது அது மட்டுமில்லை. பல தோட்டங்களில் பாடசாலையே அந்தத் தரத்தோடு முடிந்துவிடுகிறது.

அது ஏன் ஐந்தாம் தரம்? இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1920 கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. 6 வயது முதல் 10 வயது வரை. பத்து வயதுக்கு மேல் பிள்ளை மலைக்கு வேண்டும், அதுதான் அதன் பொருள். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பும் அவரிடம். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டுப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே தோட்டத்துரைமாரின் கையிலேயே கிடந்தன. மூன்று வருடத்தில், 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். பாடசாலை கேட்டுக் குரல் கொடுக்க வாக்கும் இல்லை. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு, 70களின் பிற்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது. அதாவது, மற்றப் பிள்ளைகளுக்கு 30 வருடத்துக்கு முன்பே தொடங்கிய ஒன்று நம் பிள்ளைகளுக்கு அப்போதுதான் தொடங்கியது. பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியாத பாட்டியைப் பார்த்து அக்கறை இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இந்த வருடங்களைச் சொல்ல வேண்டும்.

80களில் சுவீடன் நாட்டு உதவியோடு புதிய கட்டடங்கள் வந்தன. பிறகு பத்தனையில் ஆசிரியர்களைப் பயிற்றும் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள், நானும் அப்படி வந்தவன்தான். நிறைய மாறியிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் இப்போது பல தோட்டங்களில் இருக்கிறார்கள். ஆனாலும் ஆறாம் தரத்துக்கு மலை இறங்கி டவுனுக்குப் போகிற அந்த மாற்றத்தில் இன்றும் நாட்கள் உதிர்கின்றன. தோட்டப் பாடசாலைக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும். டவுனுக்கு ஒன்றரை மணி நேரம், அல்லது பஸ், அல்லது மாதக் காசுக்கு வான். காலையில் ஒரே பஸ் ஓடுகிற பாதையில் அது வராவிட்டால் அன்றைக்குப் பாடசாலை இல்லை. பனிமூட்டத்தில் தேயிலைக்கு நடுவே பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கும் பயம்தான்.

சரி, மாதத்துக்கு நான்கைந்து நாள் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மொழிப் பாடத்தில் ஒன்றும் ஆகாமல் சமாளிக்கலாம். கணிதத்தில் முடியாது. பின்னம் படிப்பித்த வாரம் வராத பிள்ளைக்கு வீதம் புரியாது, வீதம் புரியாத பிள்ளைக்கு வட்டி புரியாது, இரண்டு தவணை கழித்துச் சமன்பாட்டில் நிற்கும்போது ஆரம்பம் எங்கே தவறியது என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வசதியான வீட்டில் இந்த ஓட்டையை டியூஷன் அடைக்கும். லயத்தில் அடைக்க யாரும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரு பல்ப், டிவி ஓடிக்கொண்டிருக்கும், குடித்துவிட்டு வந்த ஆள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பான், இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்தால் குளிர். வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிற பிள்ளைக்கு வகுப்பில் ஏச்சு விழும். ஏச்சுக்குப் பயந்து வராமல் அடுத்த நாளும் கைவிட்டுப் போகும். பசியைத் தாங்குகிற பிள்ளை வெட்கத்தைத் தாங்காது. நான் பார்த்த அளவில் எட்டாம், ஒன்பதாம் தரத்தில் பிள்ளையைக் கடைசியாகத் தள்ளிவிடுவது வெட்கம்தான். ஆரம்பத்தில் நாட்களைத் தின்றது காசு இல்லாமை. கடைசி நாளில் அந்தப் பிள்ளையே சொல்லும்: “எனக்குப் படிப்பு ஏறாது சேர்.” கேட்கிறவர்களும் சரியென்று விட்டுவிடுவார்கள்.

நம் பக்கத்துக் குறையும் இருக்கிறது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லாமல் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கும் பாடசாலைகளைப் பார்த்திருப்பீர்கள். பல கிலோமீற்றர் நனைந்து வந்த பிள்ளைக்கு அன்றைக்குக் கணித ஆசிரியர் இல்லை என்றால், அந்த நடையின் பெறுமதி என்ன என்று அதுவும் யோசிக்கும். பத்து வருடத்துக்கு முன்பு மலையகத்துக்கென்று எடுத்த உதவி ஆசிரியர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு கொடுத்தார்கள். தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தைவிடக் குறைவான காசில் தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பிக்க ஆள் வைத்த காலம் அது. அந்த உதவி ஆசிரியர்கள் பஸ் காசு கடன் வாங்கி வந்து படிப்பித்தார்கள். அவர்களை நான் எப்போதும் மரியாதையோடு நினைக்கிறேன்.

கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் இந்த நாட்களைக் கொத்துக் கொத்தாக எடுத்துக்கொண்டன. வீட்டில் ஒரு போன், அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். டேட்டாவுக்குக் காசு இருந்தால் சிக்னல் இல்லை, சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது, திறந்திருந்த பாடசாலைக்கும் அனுப்ப முடியாமல் போனது. அந்த இரண்டு மூன்று வருடத்தில் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போன பிள்ளைகளில் பலர் திரும்பவில்லை. 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற டயகமப் பக்கத்துச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது நாடே பேசியது. 16 வயது. அவள் பெயரும் ஏதோ ஒரு பாடசாலையின் பதிவேட்டில் இருந்திருக்கும். அதில் முதல் வெற்றிடம் விழுந்த நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வி. சம்பளத்தை நீங்கள் கூட்ட முடியாது, லயத்தை வீடாக்க முடியாது. அவற்றுக்காகக் குரல் கொடுங்கள், அது வேறு வேலை. வகுப்பாசிரியையாக உங்கள் கையில் இருப்பது அந்த நாட்கள். ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் விசாரியுங்கள். மூன்று வாரம் பார்த்திருக்க வேண்டாம். பக்கத்து லயப் பிள்ளையிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அலுமாரியில் இரண்டு சோடி பழைய சப்பாத்து, நான்கைந்து கொப்பி, ஒரு சீருடை வைத்திருங்கள். கொடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் பார்க்காமல் கொடுங்கள். சங்கக் காசு கட்டாத பிள்ளைகளின் பெயரை வகுப்பில் வாசிக்கவே வேண்டாம். மழை மாதங்களில் எந்த நிற உடுப்போடு வந்தாலும் உள்ளே எடுக்க வேண்டும் என்று அதிபரிடம் இப்போதே பேசி வையுங்கள். ஜூனில் பேசினால் காலம் போய்விடும். கணிதம் படிப்பிக்கிறவர் யாராக இருந்தாலும், வராத பிள்ளைக்கு அந்த வாரத்துப் பாடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கு இதில் மட்டும்தான் முழு நம்பிக்கை, ஏனென்றால் அப்படி ஒரு தாளால் திரும்பி வந்தவன் நான்.

1974 பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்த வருடம். எனக்கு அப்போது 14 வயது. மரவள்ளிக் கிழங்கு தேடி அப்பாவோடு நாட்டுப்புறத்துக்குப் போகத் தொடங்கினேன். முதலில் சனிக்கிழமை, பிறகு வெள்ளிக்கிழமையும், பிறகு கிழமையில் பாதி. படிப்பு முடிந்தது என்று நானே முடிவு செய்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வாத்தியார் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். அம்மா விரிக்கிற படங்கை உதறிப் போட, இஸ்தோப்பில் உட்கார்ந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். நான் தவறவிட்ட நான்கு வாரக் கணக்குகளை, ஒவ்வொன்றிலும் முதல் கணக்கைச் செய்து காட்டி, மிச்சத்தை வெறுமையாக விட்டு எழுதியிருந்தார். “கிழங்குக்குப் போற நாள்ல போ. வர்ற நாள்ல இதைச் செஞ்சு எடுத்துட்டு வா” என்றார். வெறும் சாயத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அந்த வருடம் நான் பாதி நாள்தான் பாடசாலையில் இருந்தேன், ஆனால் விட்டு நிற்கவில்லை.

உங்கள் பையனுக்கு வருகிறேன். 2016இலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021இலிருந்து 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதும் குற்றம். ஒன்பதாம் தரம் என்றால் அவனுக்கு 14தான் இருக்கும், சட்டம் உங்கள் பக்கம். கிராம உத்தியோகத்தருக்கும் வரவுக் குழுவுக்கும் அறிவிக்கலாம், தேவைப்பட்டால் அறிவிக்கவும் வேண்டும். ஆனால் முதல் நடை சட்டத்தோடு போக வேண்டாம். சட்டத்தைச் சொன்னால் தாய் பயந்து, பையனை மாமா வீட்டுக்கு என்று கொழும்புக்கு அனுப்பிவிடுவாள். அப்புறம் அவனைப் பார்க்கவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பிறகு போங்கள். அதற்கு முன்பு போனால் தாய் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலோ விறகுக்காட்டிலோ இருப்பாள், சந்தைக்குப் போனவர்களும் வந்திருக்க மாட்டார்கள். தனியாகப் போகாமல் அந்த டிவிசனை, அதாவது தோட்டத்தின் அந்தப் பிரிவை, தெரிந்த ஒரு பெரிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், கையில் எவ்வளவு கொடுக்கிறார்கள், அந்தக் காசு வீட்டில் எந்தச் செலவுக்குப் போகிறது என்று கேளுங்கள். கடைக் கடனா, தங்கச்சியின் பால்மாவா, எதுவென்று தெரிந்தால் அதிபரோடும் பழைய மாணவர்களோடும் பேச ஒரு வழி இருக்கும். முதல் வாரம் இரண்டு நாள் வந்தாலும் போதும் என்று சொல்லுங்கள். அவனிடம் கொடுக்க மூன்று வாரத்துக் கணிதத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், முதல் கணக்கைச் செய்து காட்டி. எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.